திருப்பத்தில் விட்ட அடி

ஈப்போவுக்கு வந்துவிட்டால் எல்லோருடைய அப்பாவும் கங்காணிதான். அத்தனை பேரும் கங்காணி என்றால் பால்மரம் வெட்டியது யார், பேயா? ஐயாவுவும் கேட்டவர்களிடமெல்லாம் தான் கங்காணி மகன் என்றே சொல்லிவந்தார். உண்மையில் அவருடைய அப்பா சுங்காய்ப் பக்கத்து ரப்பர் தோட்டமொன்றில் பாலுக்கு மரம் வெட்டியவர். சாவு விழுந்தால் தப்படித்தவர். ஐயாவுவின் தோளில் தப்பு ஏறியபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. அப்பா செத்த அன்று, அப்பாவுக்கும் அவரேதான் அடித்தார்.

அறுபத்திரண்டில் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். மனைவி வீரம்மாவையும் நாலு வயது மகள் நவமணியையும் கூட்டிக்கொண்டு புறப்பட்ட ஐயாவு, தப்பைத் தோட்டத்துக் கிணற்றில் போட்டுவிட்டு வந்தார். சாவு வீட்டு வாசலில் நிற்கவைத்துக் கள்ளை ஊற்றுகிற அந்த மரியாதை தன்னோடு போகட்டும், மகளைத் தொடக்கூடாது என்பது அவர் வைராக்கியம்.

ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில் ஜாகா வேலை, அதாவது காவல்காரன் வேலை, கிடைத்தது. திறப்பது, பூட்டுவது, நாற்காலி போடுவது, மேடையில் இருக்கும் பியானோவைத் துடைப்பது. கட்டைகளை மட்டும் பயந்து பயந்துதான் துடைப்பார். அழுத்தினால் சத்தம் வரும். சத்தம் வந்தால் கை சும்மா இருக்காது. பதினேழு வருஷம் அந்தக் கையைக் கட்டிப்போட்டு வைத்திருந்தார் மனிதர்.

எழுபத்தொன்பதில் நவமணிக்குச் சம்பந்தம் கூடிவந்தது. மாப்பிள்ளை ஜெயபாலன் அவள் வேலை பார்த்த தொழிற்சாலையிலேயே வேலை பார்ப்பவன். இரண்டு பேருக்கும் மனசு ஒத்துப்போயிருந்தது. அவன் அப்பா ராமையா, ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலையில் இருந்தவர். அவரும் கங்காணி மகன்தான், சொல்லவும் வேண்டுமா? வெள்ளிக்கிழமை பரிசம் போடுவதென்று முடிவானது.

அதற்கு முந்தின ஞாயிறு சாயங்காலம் மண்டபத்தில் பியானோ கச்சேரி. ஐயாவு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் சம்பந்தியிடம் பெருமை காட்டும் ஆசை யாரை விட்டது?

"வாங்க சம்பந்தி, பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வருவாங்க. நமக்குப் பின்னால ரெண்டு நாக்காலி போட்டு வச்சிருக்கேன் லா."

"எனக்கு என்னாங்க புரியும் அது?"

"புரியாட்டி என்னா, காத்தாடிக்குக் கீழ உக்காந்துட்டு வரலாம்."

வாசித்தது ஒல்லியான ஒரு வெள்ளைக்கார அம்மா. முதலில் வந்ததெல்லாம் அடுக்கி வைத்த தட்டுகளைப் போல ஒழுங்காக இருந்தது. ராமையா இரண்டு முறை கொட்டாவி விட்டார். கடைசி உருப்படிதான் வேறு மாதிரி. அந்த அம்மா இசைக்குறிப்புத் தாளை மூடி வைத்துவிட்டார். ஒன்றைத் தொடங்குவார், பாதியில் விடுவார், எதையோ தேடுவதுபோல நிற்பார், பிறகு வேறு பக்கம் கிளம்புவார். எழுதி வைத்ததா, அப்போதே தோன்றியதா என்று யாருக்கும் தெரியவில்லை. முடிந்துவிட்டது என்று நினைத்து ஒருவர் கைதட்டி, வாங்கிக் கட்டிக்கொண்டார். சீனத் தவுக்கே முதலாளி ஒருவர் நிம்மதியாகத் தூங்கினார். முன்வரிசையில் டாக்டர் அடைக்கப்பன் தலையாட்ட, அவர் மனைவி சாலா ஆச்சி கைக்குட்டையால் கண்ணை ஒற்றிக்கொண்டார்.

திடீரென்று அந்த அம்மாவின் இடதுகை கீழ்க்கட்டைகளுக்குப் போனது. கனமாக மூன்று அடி. நிறுத்தம். மறுபடி மூன்று. ஐயாவு நிமிர்ந்து உட்கார்ந்தார். இது பாடை வீட்டைவிட்டு இறங்குகிற நடை. லயத்து வீடுகளைத் தாண்டுகிறது, கோயிலைத் தாண்டுகிறது, முச்சந்திக்கு வந்துவிட்டது. முச்சந்தியில் பாடையைத் திருப்புவார்கள். தப்பின் அடி அங்கே மாறும். அந்த இடத்தில் போய் அந்த அம்மா கையைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்.

அடி விழவில்லை. பாடை நடுத்தெருவில் நிற்கிறது. அதன்மேல் கிடப்பது அப்பா.

ஐயாவு அடித்துவிட்டார். முன்னால் காலியாகக் கிடந்த மரநாற்காலியின் முதுகில், இடதுகை விரல்கள் தட்டையாக, வலதுகை முட்டியால். ஐந்தே அடி. மண்டபம் முழுக்கக் கேட்டது. தலைகள் திரும்பின. வெள்ளைக்கார அம்மா ஒருகணம் நிமிர்ந்து பார்த்துவிட்டு வாசிப்பைத் தொடர்ந்தார். ஐயாவு கைகளைத் தொடைக்கடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ராமையாவின் பக்கம் திரும்ப அவருக்குத் தைரியமில்லை.

கச்சேரி முடிந்து வெளியே வந்ததும் டாக்டர் சிரித்தார். "யாரு அங்க தட்டுனது, நீயா? நல்லாத்தான் இருந்துச்சு. நம்ம ஆலாபனை மாதிரி போய்க்கிட்டிருந்துச்சு, நீ தாளம் போட்டுட்ட."

"எனக்கு எங்க அப்பச்சி ஊருக்குக் கப்பலேறுன நாளு ஞாபகம் வந்துருச்சு," என்றார் சாலா ஆச்சி.

அப்பாடா, யாருக்கும் தெரியவில்லை. ஐயாவுவுக்கு உயிர் திரும்பி வந்தது. ஆனால் ராமையா மட்டும் டாக்டரின் சிரிப்பில் சேராமல் சைக்கிளை உருட்டிக்கொண்டு நடந்தார், ஐயாவு பின்னாலேயே போனார். வளைவு தாண்டியதும் நின்றார்.

"திருப்பத்துல ஒரு அடிய விட்டுட்டீங்க."

"என்னா சம்பந்தி?"

"முச்சந்தி அடி. எடது மூணு, வலது ரெண்டு, அப்புறம் எடது ஒண்ணு. அந்தக் கடைசி ஒண்ணு வுழல."

சொல்லிக்கொண்டே சைக்கிள் சீட்டில் அடித்துக் காட்டினார். இடது தட்டையாக, வலது முட்டியால், ஆறும் கச்சிதமாக. அந்தச் சத்தத்தைத் தோட்டத்தில் பிறந்த எல்லோரும் கேட்டிருப்பார்கள். எந்த அடி எந்தக் கைக்கு என்பது தோளில் தப்பைச் சுமந்தவனுக்கு மட்டும்தான் தெரியும்.

ஐயாவுவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பதினேழு வருஷத்துப் பயம் ஒரே நொடியில் இறங்கிய சந்தோஷத்தில் ராமையாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அண்ணே, அப்ப நீங்களும்... அப்புறம் என்னாண்ணே பயம்? நம்ம ரெண்டு வீடும் ஒண்ணுதானே!"

ராமையா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டார்.

"அதனாலதான் வேணாங்கிறேன். எம் மூத்த மக கோப்பெங்ல வாழ்க்கப்பட்டிருக்கா. அங்க நாங்க கங்காணி குடும்பம். நாளைக்குக் கல்யாண வீட்டுல மேளம் கேட்டா ஒங்க கை சும்மா இருக்குமா? ஒங்க கையப் பாத்தவன் அடுத்து எங் கையப் பாப்பான் லா. எம் மகளத் தள்ளி வச்சிருவாங்க." சைக்கிள் கைப்பிடியைத் திருப்பினார். "வெள்ளிக்கெழம நாங்க வரல. மன்னிச்சிருங்க."

அவர் ஏறிப் போய்விட்டார். தன் பயத்தையே எதிராளி முகத்தில் பார்த்தவன் யாரைத் திட்டுவான்?

வீட்டில் வீரம்மா பரிசத்துக்கு இரவல் வாங்கிய தாம்பாளங்களைப் புளி போட்டுத் துலக்கிக்கொண்டிருந்தாள். நவமணி புதுச் சேலைக்கு ஓரம் அடித்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தாள்.

"பாட்டு எப்படிப்பா இருந்துச்சு? அவங்க அப்பாவுக்குப் புடிச்சுதா? தூங்கிட்டாரா?"

ஐயாவு சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார். அதற்கே வெகுநேரம் ஆனது.

"தூங்கலம்மா," என்றார். "அங்க இருந்தவங்கள்லயே அவருதாம்மா நல்லாக் கேட்டாரு."