பதினேழு வீட்டு நாடு

அணை கட்டி முடிந்த வருஷம், ஐப்பசி மாதம், விடிகாலை ஐந்து மணிக்குக் கூடலூரிலிருந்து வண்டி ஏறினேன். குமுளிவரை எட்டு மைல். வண்டிச் சத்தம் பத்தணா. மலைக்குள்ளே பதினேழே வீடுகளுக்கு ஒரு தனி ராஜா இருக்கிறார் என்று கேள்விப்பட்டால் எந்த வாத்தியாருக்குத்தான் கால் சும்மா இருக்கும்?

"அங்கன ராசாவே கேப்பை அறுக்குறாக, வாத்தியாரய்யா. நம்ம மணியகாரரு தன் செருப்பைக்கூடத் தூக்கமாட்டாரு" என்று சிரித்தார் வண்டிக்காரர்.

குமுளியிலிருந்து ஆறு மைல் காட்டு நடை. மாலை நாலு மணிக்கு எல்லையை எட்டினேன். எல்லை என்பது ஓர் ஓடை. உள்ளே வரி இல்லை, சிறை இல்லை. தப்புச் செய்தவன் பொழுது சாயும்வரை ஓடைக்கு வெளியே நிற்கவேண்டும், அவ்வளவுதான். இடுப்புத் துண்டோடு ராஜா விறகு பிளந்துகொண்டிருந்தார்.

"உங்க ராசாவை நீரு பாத்திருக்கீரா?" என்று கேட்டார்.

"எங்களுக்கு ராணி. கடலுக்கு அங்கிட்டு இருக்காக. பாத்ததில்ல."

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

பள்ளத்தில் கேப்பைக் கதிர் பால் பிடித்திருந்தது. அறுக்க இன்னும் இருபது நாள். அதற்குள் அணைத் தண்ணீர் ஏறிவிடும். இருபது நாள் பொறுக்கும்படி அணை அலுவலகத்துக்கு எழுதிக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொன்னார். 'தங்கள் அடிமை எழுதிக்கொண்ட விண்ணப்பம்' என்று வழக்கம்போல் தொடங்கி, எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

"அடிமையா? நாங்க யாருக்கும் குனிஞ்சதில்ல. ராசா சொல்றதா எழுதும்."

"பிள்ளைக பசிக்கு ஒருவாட்டி குனிஞ்சா என்ன?" என்றார் அவருடைய ராணி அடுப்படியிலிருந்து. ராஜா அசையவில்லை. அவர் சொன்னபடியே வேறொரு தாளில் எழுதினேன். முதல் தாளை நான் கிழிக்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்கு அணை அலுவலகத்தில் நின்றபோது இரண்டு தாளும் மடியில் இருந்தன. அந்தப் பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். அடிமைத் தாளை நீட்டினேன்.

"தண்ணி யாருக்குய்யா காத்திருக்கும்?" என்று குமாஸ்தா அதைத் திருப்பிக் கொடுத்தார்.

போய்ச் சொன்னேன். ராஜா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "எந்தத் தாளைக் குடுத்தீரு?"

எனக்குப் பொய் வரவில்லை.

"அப்ப நாடு காலையிலேயே போயிருச்சு. இனி வர்றது வெறும் தண்ணிதான்" என்றார்.

பச்சைக் கதிரை அறுக்க எல்லோரும் பள்ளத்தில் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். யாரும் என் கையில் அரிவாள் தரவில்லை.

இப்போது அந்தத் தண்ணீர் கூடலூரில் என் வயலுக்குப் பாய்கிறது. ஒரு போகம் விளைந்த இடத்தில் இரண்டு போகம். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் சோறு இறங்குவதில்லை. கேட்காமல் ஒருவருடைய நாட்டை எடுத்துக் கொடுத்த கையால்தானே அதைப் பிசைய வேண்டியிருக்கிறது!