வில்லன் வாப்பாவான கதை

யுத்தம் முடிந்து சில வருடங்களுக்குப் பிறகு, புத்தளத்துக் கரைத்தீவில் எங்கள் வீட்டு முன்னறையில் இருந்துகொண்டு, கொழும்புத் தொலைக்காட்சி ஒன்றுக்காக வெளிநாட்டுச் சுப்பர் ஹீரோ தொடரொன்றைத் தமிழாக்கிக்கொண்டிருந்தேன். இருந்துகொண்டு என்றால் உண்மையிலேயே இருந்துகொண்டுதான். பக்கத்து அறையில் வாப்பா படுக்கையில் கிடந்தார். பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை, "மகன், லொறி வந்திட்டா?" என்று கேட்பார். தொண்ணூறில் நாங்கள் விரட்டப்பட்ட மன்னாருக்குத் திரும்பிப் போகிற லொறி. அப்படியொரு லொறி இல்லையென்பது அவர் ஞாபகத்தில் நிற்காது. நான் போய் முகம் காட்டாவிட்டால் தானே எழும்பப் பார்ப்பார். இரண்டு தடவை விழுந்துமிருக்கிறார். ஆகவே வீட்டைவிட்டு அசையாமல் செய்ய எனக்கு வாய்த்த வேலை இது ஒன்றுதான். உலகத்தைக் காப்பாற்றப் பறக்கிறவனுக்கு வசனம் எழுதியவன் கடைசியாகச் சந்தைவரை போனது எப்போதென்று அவனுக்கே ஞாபகமில்லை.

அடைபட்டவனுக்குப் பிழை பிடிப்பது நல்ல பொழுதுபோக்கு. கதாநாயகனின் தழும்பு இடது புருவத்திலிருந்து வலது புருவத்துக்குக் குடிபெயரும். கொட்டும் மழையில் ஓடி வந்தவன் கதவைத் திறந்ததும் காய்ந்திருப்பான். இவற்றையெல்லாம் பட்டியலிட்டு, யாரும் கேட்காமலே, தொடருக்குப் பொறுப்பான தயாரிப்பாளருக்கு அனுப்புவேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். "நன்றி சேர்" என்று மட்டும் பதில் வரும்.

ஏழாம் அங்கம் ஒளிபரப்பான மறுநாள் அவரே அழைத்தார்.

"சேர், வில்லன் மொட்டைமாடியில நிண்டு 'வாடா மகனே' எண்டு கத்துறான். எங்கட ஆள் என்ன சொல்லுறார் தெரியுமோ?"

"என்ன சொல்றார்?"

"'இந்தா வாறேன் வாப்பா.'"

நான் எழுதியதுதான். வில்லன் மகனே என்ற அதே நேரம் பக்கத்து அறையிலிருந்தும் மகன் என்று கேட்டிருக்கிறது. வாய் சொன்ன பதிலைக் கையும் எழுதிவிட்டது. குரல் கொடுத்தவரோ அதை இடிமுழக்கமாகப் பேசியிருந்தார்.

"ஹீரோவின்ர அப்பா முதலாம் அங்கத்திலயே செத்துப்போனாரெல்லோ, அப்ப வில்லன் ஆர் எண்டு சனம் கேட்குது. இனி நீங்க இங்க ஒபிசில வந்திருந்து எழுதவேணுமாம். பெரியவர் சொல்லிப்போட்டார்."

"தங்கச்சி, எங்கட ஆக்கள் சின்னப் புள்ளையளையும் செல்லமா வாப்பா எண்டு கூப்பிடுற. அவனும் ஒரு நக்கலுக்கு..."

"அப்ப ஆர் ஆருக்கு அப்பா, சேர்?"

வேறு வழியில்லாமல், கொழும்புக்கு வர ஏலாது என்பதையும் அதற்கான காரணத்தையும் சொன்னேன். மறுநாள் தீர்ப்பு வந்தது. சனத்துக்கு அந்தத் திருப்பம் பிடித்துப்போனதாம். மீதி ஐந்து அங்கத்திலும் வில்லனை உண்மையான வாப்பாவாகவே வைத்து எழுதிக் கொடுத்தால் நான் வீட்டிலேயே இருக்கலாம்.

கதாநாயகனின் முகமூடி வாயை மூடியிருந்ததால் எந்த வசனமும் பொருந்தியது. ஒவ்வொரு குத்துக்கும் முன்னால் ஒரு "மன்னிச்சுக்கொள்ளுங்க" சேர்த்தேன். அப்படியிருந்தும் மீன்காரர் படலையில் சைக்கிளை நிறுத்திக் கேட்டார்:

"உங்கட ஹீரோ பெத்த வாப்பாக்குக் கை நீட்டுறானே, ஹறாம் இல்லையா, பாவமில்லையா?"

கடைசி அங்கத்தில் வில்லன் கோபுரத்திலிருந்து விழ வேண்டும். கதாநாயகன் அவன் கையை எட்டிப் பிடிக்கிறான், பிறகு விட்டுவிடுகிறான். மூலத்தில் அந்த இடத்துக்கு இருந்தது, 'தொலைந்து போ' என்கிற மாதிரி ஒன்று. ஒரு பகல் முழுக்க அதை என்னால் எழுத முடியவில்லை. பொழுதுபடுகிற நேரத்தில் அரை மணிக்குள் வாப்பா மூன்று தடவை லொறியைக் கேட்டார். நாலாம் தடவை போய் அவரைத் தூக்கி இருத்தி, கஞ்சி பருக்கிவிட்டு வந்து, "பயப்படாதீங்க வாப்பா, நான் பிடிச்சிருக்கேன்" என்று எழுதி அனுப்பினேன்.

ஒளிபரப்பில் அவன் அப்படிச் சொல்லிக்கொண்டே கையை விட்டான்.

கற்பிட்டியிலிருந்து ஒரு நேயர் உடனே பிழை கண்டு எழுதியிருந்தார். தங்கச்சி அதை எனக்கு அனுப்பிவிட்டு, அடுத்த வேலையாகச் சமையல் நிகழ்ச்சியொன்றைத் தந்தார். வீட்டிலிருந்தே செய்யலாம் என்றார். அதில் யாரும் யாரையும் கூப்பிடுவதில்லை.