சோஷியல் சாரின் ‘நாவு’

ஈரமான டஸ்டர் துணியும் புதுச் செய்தித்தாளின் மையும் கலந்த நாற்றம் எங்கிருந்தாவது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான் வரும். ஜோகுபாளையத்தில் நான் ஒன்பதாம் வகுப்பு படித்த பள்ளியில் சமூக அறிவியல் நடத்தியவரை ‘சோஷியல் சார்’ என்போம்; அவர் அக்குளில் பேப்பரை இடுக்கிக்கொண்டுதான் வகுப்புக்குள் நுழைவார். மேசையில் கிடக்கும் பாடப் புத்தகத்தின் மேலேயே பேப்பரை விரித்து, தனக்குப் பிடித்த கட்சி செய்ததெல்லாம் சாதனை, மற்ற கட்சிக்காரர்கள் எல்லாம் ‘நாலாயக்’, அதாவது உதவாக்கரைகள், என்று பிரித்து மேய்ந்துகொண்டிருப்பார். நாங்கள் சிரிப்போம். பாதி பீரியட் அப்படியே போய்விடும்.

எதிர்க்கட்சியின் பணிகள் யாவை என்ற கேள்விக்குப் புத்தகத்தில் உள்ளதை எழுதினால் பாதி மார்க், எதிர்க்கட்சி நாட்டைக் கெடுக்கிறது என்று அவர் வகுப்பில் சொன்னதை எழுதினால் முழு மார்க் என்பதை முதலில் கண்டுபிடித்தது நான்தான். அப்படியே எழுதி அவருடைய செல்லப்பிள்ளையாகவும் ஆனேன். அவரைத் திட்டுவதற்கென்றே எழுதும் இந்தக் கட்டுரையில் அதையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது.

சார் கன்னடத்தில் பேசும்போது மூச்சுக்கு மூச்சு ‘நாவு’ என்பார். தமிழில் எதிரில் இருப்பவரையும் சேர்த்துக்கொண்டால் ‘நாம்’, அவரை விட்டுவிட்டால் ‘நாங்கள்’. கன்னடத்தில் இரண்டுக்கும் அந்த ஒரே ‘நாவு’தான். நான் அதை எப்போதும் ‘நாம்’ என்றே காதில் வாங்கினேன். நாம் ஜெயிப்போம், நாம் காட்டுவோம் என்று அவர் சொல்லும்போதெல்லாம் அதில் நானும் ஒருத்தி என்று நினைத்து, மடச்சி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

அந்த வருடம் காவிரித் தகராறு மூண்டது. இரண்டு நாள் ‘பந்த்’ முடிந்து பள்ளி திறந்தபோது, சார் பாடத்தைத் தொடாமல், தன்னுடைய கட்சி ஒன்றுதான் ஆற்றைக் காப்பாற்றும் என்று முழு பீரியடும் பேசிவிட்டு, அந்தக் கட்சித் தலைவருக்கு அனுப்பவேண்டிய கடிதம் ஒன்றைக் கன்னடத்தில் சொல்லச் சொல்ல எங்களை எழுத வைத்தார். ‘நாவு ஒரு சொட்டுத் தண்ணீரும் விடமாட்டோம்’ என்பது அதன் சாரம். வீட்டில் பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கி வரவேண்டும், வாங்கி வராதவர்களுக்கு இன்டர்னல் மார்க் இல்லை என்றார்.

என் அப்பா எங்கள் பகுதிக்கு ‘வால்வ்மேன்’. விடிகாலையில் ஆளுயர இரும்புச் சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத் தெருவாகப் போய், சாலைக்கடியில் இருக்கும் வால்வைத் திருகித் தண்ணீர் விடுகிற வேலை. சோஷியல் சார் குடியிருந்த தெருவுக்கும் அவர்தான் திறந்துவிட்டார். பந்த் நடந்த இரண்டு நாளும், ரோட்டில் தமிழில் வாயைத் திறக்காதே என்று கூட்டாளிகள் சொல்லி அனுப்ப, ஊமை மாதிரி போய்த் திறந்துவிட்டு வந்தார்.

கடிதத்தை நான் தமிழில் சொல்லிக் காட்டியதும் அப்பா ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

“இதுல நாமளா, நாங்களா? சாரைக் கேட்டுனு வா, அப்பால போடறேன்.”

மறுநாள் வகுப்பில் கை தூக்கினேன். சார், இந்த ‘நாவு’வில் நாங்களும் உண்டா என்று கன்னடத்திலேயே கேட்டேன். வம்புக்குக் கேட்கவில்லை, உண்டு என்றுதான் சொல்வார் என்று நம்பிக் கேட்டேன். வீடு எங்கே என்றார். ஜோகுபாளையம் என்றேன். அது இல்லை, மூல ஊர் எது என்றார். நான் பார்த்தே இராத, அப்பாவின் தாத்தா விட்டுவிட்டு வந்த வேலூர்ப் பக்கத்து ஊரின் பெயரைச் சொன்னேன். அவர் பேப்பரை மடித்தார்.

“நாவு கொடோரு, நீவு குடியோரு.”

நாங்கள் கொடுப்பவர்கள், நீங்கள் குடிப்பவர்கள். எதுகை மோனையாக அமைந்துவிட்டதில் அவருக்கே சந்தோஷம். வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாலாயக் என்று அவர் யாரையோ சொன்னபோது நான் சிரித்த அதே சிரிப்பு.

இதைக் கன்னடர் தமிழர் சண்டையாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் பக்கத்தில் உட்காரும் ஷோபா கன்னட வீட்டுப் பெண். அவள் அப்பா அந்தக் கடிதத்தின் அடியிலேயே ‘தயவுசெய்து பாடம் நடத்துங்கள்’ என்று எழுதித் திருப்பி அனுப்பினார். அப்படி எழுதும் தைரியம் அவருக்கு வாய்த்தது. என் அப்பாவுக்கு யார் கொடுப்பது?

சாயங்காலம் நடந்ததைச் சொன்னேன். மார்க் அவர் கையில்தானே என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றேன், ஆனால் போடாதப்பா என்றும் கெஞ்சினேன். அப்பா என்னிடம் பேனாவை வாங்கி, வேலை ரிஜிஸ்டருக்காகக் கற்றுக்கொண்ட கன்னட எழுத்தில், நிதானமாகக் கையெழுத்துப் போட்டார். அவரை அந்த அளவுக்குக் குனிய வைத்த அந்த மனிதரை நான் மன்னிக்கவில்லை. வயதானால் கோபம் தணியும் என்கிறார்கள். எனக்குத் தணியவில்லை.

இப்போது அந்தப் பள்ளி இருந்த இடத்தில் அடுக்குமாடி நிற்கிறது. அப்பாவும் இல்லை. போன மாதம் காக்ஸ் டவுன் மார்க்கெட்டில் சோஷியல் சாரைப் பார்த்தேன். தலை நரைத்து, கையில் கைத்தடியோடு இருந்தார். பெயரைச் சொன்னதும் அடையாளம் கண்டுகொண்டு, பக்கத்திலிருந்த காய்க்காரரிடம் “நம்ம ஹுடுகி” என்று பெருமையாகச் சொன்னார். நம்ம பெண்ணாம். நான் நலம் விசாரிக்கவில்லை. அந்தக் கடிதங்களை அனுப்பினீர்களா சார் என்றுதான் கேட்டேன்.

எந்தக் கடிதம் என்று யோசித்தார். காவிரி, கையெழுத்து என்று நான் எடுத்துக்கொடுத்ததும் சிரித்தார்.

“ஓ, அதுவா? யாரு அனுப்பினா? வருஷக் கடைசில பழைய பேப்பரோட எடைக்குப் போட்டுட்டேன்மா.”