கிழக்குச் சுவரில் பல்லி

சினிமாவுக்குச் சத்தம் சேர்க்கிற வேலை எனக்கு. பத்தாவதோடு படிப்பை விட்டு, கோயில் நோம்பி, திருவிழாக்களுக்கு மைக் செட் கட்டப் போய், முருகன் புண்ணியத்தில் எப்படியோ கம்ப்யூட்டர் முன்னால் வந்து உட்கார்ந்தேன். சிங்காநல்லூரில் எங்கள் வீட்டின் கிழக்கு அறைதான் எனக்கு ஆபீஸ்.

கதவு சாத்துவது, மழை, நாய் குரைப்பது எல்லாவற்றையும் நாமே போய்ப் பதிவு செய்ய முடியாது. யாரோ பதிவு செய்து லைப்ரரியாக விற்பதை வாங்கி, அதிலிருந்து எடுத்துப் போடுவோம். அன்றைக்கு எனக்குத் தேவைப்பட்டது ஒரு பல்லி. வெயில் நேரத்தில் ஒரு அம்மா வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்கும் காட்சி. மூன்று லைப்ரரிகளின் மாதிரிகளை வைத்துக்கொண்டு, எதை வாங்குவது என்று கேட்டுப் பார்த்தேன். வெளிநாட்டுப் பல்லி தவளை மாதிரி கத்தியது. அடுத்ததில் பல்லி நம்ம பல்லிதான். ஆனால் பின்னால் விடாத மழை. மூன்றாவது, காய்ந்த சுவரிலிருந்து வருவதுபோல நன்றாக இருந்தது. ஹெட்போனில் எல்லாமே நன்றாகத்தான் கேட்கும், அறைக்குள் ஒலித்தால்தான் நிஜம் தெரியும் என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

என் அறைக்கும் பூஜை அறைக்கும் நடுவில் ஒரு சுவர்தான். மகளின் கல்யாண விஷயமாக அன்று சாமியிடம் உத்தரவு கேட்பதாக இருந்தது. ஈரோட்டு இடம், மஞ்சள் மண்டிக் குடும்பம். விளக்கேற்றி, விஷயத்தைச் சொல்லிவிட்டுப் பேசாமல் உட்கார்ந்திருப்பது எங்கள் வழக்கம். பல்லி சொன்னால் சம்மதம். சொல்லாவிட்டால் அந்தப் பேச்சை அதோடு விட்டுவிடுவோம். என் மனைவியின் அண்ணன் சீக்கிரமே வந்து, எனக்காகக் காத்திராமல் ஆரம்பித்துவிட்டது எனக்குத் தெரியாது.

"சொல்லிருச்சு! கெழக்குச் செவுத்துல!"

மச்சான் குரலைக் கேட்டதும், ஸ்பீக்கர் சத்தம் அங்கே கேட்டுவிட்டது என்று புரிந்தது. ஓடினேன். மனைவி கண்ணீரோடு கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தாள். மகள் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது பல்லி இல்லீங்க மச்சான். நான் போட்டதுங்க."

"நீங்க என்னத்தையோ போட்டிருப்பீங்க மாப்ள. நாங்க கேட்டது பல்லி."

"நான் போட்டதும் பல்லிதானுங்க."

"அப்புறமென்னங்க? சாமிக்கு உங்க கம்ப்யூட்டர்ல பேசத் தெரியாதுங்களா?"

மனைவிகூடச் சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. முருகன் சொன்னதாகப் பிள்ளையை அனுப்பி வைத்து, நாளைக்கு அவள் அழுதுகொண்டு வந்து நின்றால் சாமி முன்னால் எப்படி நிற்பேன்?

ஸ்பீக்கரை அணைத்துவிட்டு வந்து, மறுபடி கேட்போம் என்றேன். கற்பூரம் ஏற்றி எல்லாரும் உட்கார்ந்தோம். தெருவில் பஸ் போனது. பக்கத்து வீட்டில் குக்கர் விசில் அடித்தது. பல்லி மட்டும் சொல்லவில்லை. மச்சானுக்குக் கால் மரத்துவிட்டது.

"ஒருவாட்டி சொன்னதைத் திரும்பக் கேட்டா சாமிக்குக் கோவம் வராதுங்களா?" என்று எழுந்து வெளியே போய்விட்டார்.

மகள் எழவில்லை. "உனக்கு என்ன தோணுது கண்ணு?" என்று கேட்டேன்.

"என்னையவா கேக்கறீங்க?" என்றாள். பிறகு மெதுவாக, "மாப்பிள்ளை வீட்டுல வேலைய விட்டரச் சொல்றாங்கப்பா. அம்மாகிட்டச் சொன்னேன். சாமி பாத்துக்கும்னாங்க. எனக்கு வேண்டாங்கப்பா" என்றாள்.

ஓர் ஆஸ்பத்திரியில் ரத்தப் பரிசோதனை செய்கிற வேலை அவளுக்கு. அதற்குப் போன பிறகுதான் அவள் வாய்விட்டுச் சிரித்துப் பார்த்தேன்.

மனைவி என் முகத்தைப் பார்க்காமல் விளக்குத் திரியைத் தூண்டினாள். "ஏனுங்க, பல்லி சொல்லலைன்னு சொல்லிப்போடுங்க. அவங்களும் ஒண்ணும் நெனைக்க மாட்டாங்க."

நியாயம்தான். எங்கள் பக்கம் அப்படிச் சொன்னால் யாருக்கும் மனத்தாங்கல் வராது. ஆனால் ஏற்கெனவே நான் போட்ட சத்தத்தைச் சாமியின் சம்மதம் என்றார் மச்சான். இப்போது மகளின் மறுப்பையும் சாமி தலையில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை. மாப்பிள்ளையின் அப்பாவுக்குப் போன் போட்டேன்.

"பொண்ணுக்கு இஷ்டமில்லீங்க. மன்னிச்சுக்கோணுமுங்க."



"ஏனுங்க, பொண்ணையுமா கேட்டீங்க?"

"ஆமாங்க" என்றேன். இன்றைக்குத்தான் கேட்டேன் என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.