வெள்ளைப் பூவுக்கு மேல்முறையீடு

காலை 6.15. தாம்பரத்தில் காஞ்சிபுரம் பேருந்தில் ஜன்னலோர இடம் கிடைத்தது. டிக்கெட் ஐம்பத்தைந்து ரூபாய். படப்பை, வாலாஜாபாத் வழி. சாலை மனது வைத்தால் ஒன்றரை மணி நேரம். காஞ்சிபுரத்துக்கு மனிதர்கள் புடவை எடுக்கப் போகிறார்கள், அல்லது சாமி கும்பிடப் போகிறார்கள். புடவை எடுக்கப் போகும் கணவர்கள் விலையைக் கேட்டதும் சாமியையும் கும்பிட ஆரம்பித்துவிடுவதால் இரண்டு கூட்டத்தையும் பிரித்துச் சொல்வது கடினம். எனக்கு வீட்டு உத்தரவு தெளிவாக இருந்தது: இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு மாம்பழ மஞ்சளில் அரக்குக் கரை.

பையில் இரண்டு ரத்தப் பரிசோதனை முடிவுகளும் இருந்தன. முதல் பரிசோதனைக் கூடம் எனக்குச் சர்க்கரை நோய் என்றது. நம்பாமல் இரண்டாவது கூடத்துக்குப் போனேன். அது இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொன்னது. திங்கட்கிழமை மூன்றாவதுக்குப் போவதாக இருந்தேன். படித்தவன் எதையும் எடுத்த எடுப்பில் நம்பிவிடக் கூடாது அல்லவா?

7.50. காஞ்சிபுரம் பேருந்து நிலையம். இறங்கியதும் ஒரு டீ, தாராளமான சர்க்கரையோடு. மூன்றாவது கூடம் தீர்ப்புச் சொல்லும்வரை நான் நிரபராதி. வாசலில் பிடித்த ஆட்டோவின் ஓட்டுநர் பெயர் தேவதாஸ். ஊர் பக்கத்திலுள்ள முசரவாக்கம். கண்ணாடிக்கு மேலே சிறிய சிலுவை தொங்கியது. மத்தியானம் வரைக்கும் எழுநூறு ரூபாய் என்று பேசி முடித்தோம். அதாவது, அவர் பேசினார், நான் முடித்தேன்.

"மொதல்ல எந்தக் கோயில் சார்?"

"கோயில் இல்லப்பா. பிள்ளையார்பாளையத்துல ஒரு சிநேகிதர் வீடு. புடவை சொல்லி வச்சிருக்கேன்."

"எல்லாரும் அப்பிடித்தான் சார் சொல்லிக்கினு ஏறுவாங்க. எறங்கும்போது நெத்தி பூரா விபூதி இருக்கும்."

8.15. பிள்ளையார்பாளையத்தில் வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். சுந்தரம் வாசலிலேயே நின்றிருந்தான். கல்லூரி விடுதியில் என்னோடு ஒரே அறையில் இருந்தவன். பரம்பரையாகப் பட்டு நெய்கிற சைவக் குடும்பம். ஐம்பத்து நான்கு வயதுக்கு முகம் அதிகமாக வீங்கியிருந்தது. இரண்டு சிறுநீரகமும் வேலைநிறுத்தம் செய்து ஒன்றரை வருடமாகிறது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். எனக்கு டம்ளர் நிறைய காபி வந்தது. அவனுக்கு, ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் என்ற கணக்கில், மருந்துக் குப்பி மூடியளவு வந்தது. நான் குடிப்பதை அவன் பார்த்த பார்வையில் பாதி டம்ளரைக் கீழே வைத்துவிட்டேன்.

"புடவை அப்புறம். மொதல்ல நீ எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணணும். பூ கட்டணும்" என்றான்.

தெரியாதவர்களுக்கு: ஒரு காரியத்தைச் செய்யலாமா கூடாதா என்று சாமியிடம் கேட்க, ஓர் இலைப் பொட்டலத்தில் வெள்ளைப் பூவும் இன்னொன்றில் சிவப்புப் பூவும் வைத்து, ஒரே மாதிரி கட்டி, சந்நிதி முன்னால் வைப்பார்கள். விஷயம் தெரியாத யாராவது ஒன்றை எடுத்துக் கொடுக்க வேண்டும். வெள்ளை என்றால் செய், சிவப்பு என்றால் விடு. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கவே கூடாது. பிரித்தால் சாமியைச் சந்தேகப்பட்டதாக ஆகிவிடும்.

சுந்தரம் வாழ்நாள் முழுக்கப் பூவின்படி நடந்தவன். ஸ்கூட்டர் வாங்கவா என்று கேட்டுச் சிவப்பு வந்ததால் ஆறு வருடம் நடந்தே போனான். சல்லிசாக வந்த மனை ஒன்றையும் சிவப்பு என்று விட்டுவிட்டான். அந்த மனை இன்றைக்கு என்ன விலை போகிறது என்று அவன் மனைவி அவ்வப்போது நினைவூட்டுவதுண்டு. அப்போதும் அவன் அசைந்ததில்லை. விமானம் ஓடுபாதையை விட்டு எழும்பும் நேரத்தில் மட்டும் ஆழ்ந்த பக்தனாகிற எனக்கு, அவனைப் பார்த்தால் கேலியும் வரும், பொறாமையும் வரும்.

"இப்ப என்ன கேக்கணும்?" என்றேன்.

அவன் தங்கை சிவகாமி தன் சிறுநீரகத்தில் ஒன்றைத் தர முன்வந்திருக்கிறாள். ரத்தம் பொருந்திவிட்டது. சோதனைகள், அனுமதிகள் எல்லாம் முடிந்து, சென்னை மருத்துவமனையில் செவ்வாய்க்கிழமை சேரச் சொல்லியிருக்கிறார்கள். வருகிறோமா இல்லையா என்று இன்று மாலைக்குள் சொல்லியாக வேண்டும். போன வெள்ளிக்கிழமை சிவகாமி தெருமுனைப் பிள்ளையாரிடம் பூ கேட்டாள். வெள்ளை வந்தது.

"அப்புறம் என்னடா?"

"அண்ணன்தான்டா தங்கச்சிக்குச் சீர் செய்யணும். கல்யாணம், காதுகுத்து, எல்லாத்துக்கும் நான்தான் தட்டு தூக்கிக்கினு போனேன். அவகிட்டயிருந்து போய் எப்பிடி வாங்குவேன்? அவளுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா? பிள்ளையார் சின்னப் புள்ள, அவருக்கு இதெல்லாம் புரியாது. அவங்க அப்பாகிட்டயே கேட்டுடறேன்."

கீழ்க் கோர்ட்டுத் தீர்ப்பு பிடிக்கவில்லை, மேல்முறையீடு. காஞ்சிபுரத்தில் அதற்குக் கோயில் பஞ்சமா? பொட்டலம் கட்ட நான்தான் சரியான ஆளாம். பக்தி இல்லாதவன் கட்டினால் பாரபட்சம் இருக்காதாம். உள்ளேயிருந்து அவன் மனைவி குரல் கொடுத்தாள்: "நீங்களாவது புத்தி சொல்லுங்கண்ணா!" சொல்லும் தகுதி எனக்கு இருக்கிறதா என்று பையிலிருந்த இரண்டு காகிதங்கள் கேட்டன. ஆட்டோவில் ஏறினேன்.

9.00. ஏகாம்பரநாதர் கோயில். வாசலில் வெள்ளை ரோஜா மூன்று, சிவப்பு ரோஜா மூன்று, ஆக முப்பது ரூபாய். மூன்று எதற்கு என்று கேட்டேன். "கையில இருக்கட்டும்" என்றான் சுந்தரம். தோற்போம் என்று அவனுக்கே தெரிந்திருக்கிறது. ராஜகோபுரத்தை அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும். உள்ளே நீண்ட பிரகாரத்தில் கல் தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கின்றன. நாலு தூணுக்கு ஒரு தரம் சுந்தரம் மூச்சு வாங்க நின்றான். ஒரு தூணடியில் உட்கார்ந்து, இரண்டு பொட்டலமும் அண்ணன் தம்பி போல இருக்கும்படி கட்டினேன். சந்நிதிக்கு நேரே வைத்துவிட்டு, கல்யாணப் புடவை எடுக்க வந்த கூட்டத்தில் ஒரு தெலுங்கு அம்மாளை நிறுத்தி ஒன்றை எடுத்துத் தரச் சொன்னோம்.

"ஏமண்டி, எலக்‌ஷனா?" என்று சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

வெள்ளை.

சுந்தரம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு, "வெளியூர்க்காரங்க எடுத்தது. செல்லாது" என்றான்.

ஆட்டோவில் தேவதாஸ் விஷயத்தை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு சுந்தரத்தின் பக்கம் லேசாகத் திரும்பினார். "தப்பா நெனச்சிக்காதீங்கண்ணே. நாங்க ஜெபம் பண்ணி ஆமென்னு சொல்லிட்டா, அதுக்கு மேல பேச்சு கெடையாது. ஆமென்னுறது ஹேண்ட் பிரேக் மாதிரி. இழுத்துப் போட்டுட்டு ஆக்சிலேட்டரையும் மிதிச்சா வண்டி இன்னா ஆவும்?"

"எங்க சாமி கோச்சிக்காதுப்பா" என்றான் சுந்தரம்.

"சாமி கோச்சிக்காதுண்ணே. வண்டிதான் வீணாப்பூடும்."

10.20. காமாட்சி அம்மன் கோயில். செருப்பு வைக்க ஐந்து ரூபாய். நல்ல கூட்டம். பொட்டலங்களைக் கீழே வைத்ததுமே பாதுகாப்புக்கு நின்ற பெண் காவலர் ஒருவர் பாய்ந்து வந்தார். "இன்னா பார்சல் இது? யாரு வச்சது?" பூ என்று நான் சொல்லியும் அவர் நம்பவில்லை. பக்கத்திலிருந்த ஒன்றை எடுத்து, காது ஓரத்தில் ஆட்டிப் பார்த்து, தானே பிரித்தார்.

வெள்ளை.

"உள்ளூர்க்காரங்கதானே? அரசாங்கமே எடுத்துக் கொடுத்திருக்கு. போதுமா?" என்றேன்.

சுந்தரத்துக்குப் போதவில்லை. என்னைச் சந்தேகமாக ஒரு பார்வை பார்த்தான். "டேய், நீ ரெண்டுலயும் வெள்ளையே வச்சிட்டியா?" என்று கேட்டபடியே, வாழ்நாளில் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான். எடுக்காத பொட்டலத்தைப் பிரித்தான்.

உள்ளே சிவப்பு ரோஜா இருந்தது. இதழ் கூடக் கசங்கவில்லை.

என்மேல் சந்தேகப்பட்டதற்கு நான் கோபப்படவில்லை. நானே என்னை நம்புவதில்லை. ஆனால் அவன் அந்தச் சிவப்புப் பூவை அவசரமாக மறுபடி இலையால் மூடினான். பிரித்தது என் நேர்மையைச் சோதிக்க அல்ல என்பது இருவருக்கும் தெரிந்தது. "நட, வீட்டுக்குப் போகலாம்" என்றேன்.

"இல்ல. பெருமாள் கோயில்" என்றான்.

நெற்றி நிறைய விபூதி பூசியவன், சின்ன காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாளிடம் போகிறேன் என்கிறான். வழக்கு தோற்றதும் வேறு மாநில நீதிமன்றத்துக்கே போய்விட்டான்.

11.15. வரதராஜப் பெருமாள் கோயில். பன்னிரண்டுக்கு நடை சாத்திவிடுவார்கள் என்று தேவதாஸ் பறந்தார். கோபுரத்தைத் தாண்டி நூற்றுக்கால் மண்டபம், அதன் வடக்கே குளம். குளத்துப் படியில் முழங்காலைக் கட்டிக்கொண்டு சிவகாமி உட்கார்ந்திருந்தாள். தறியிலிருந்து எழுந்து அப்படியே வந்திருக்கிறாள். புடவை முந்தானையில் பட்டு நூல் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது.

"உனக்கு யார் சொன்னது?" என்றான் சுந்தரம்.

"அண்ணி போன் பண்ணாங்க. பெரிய காஞ்சியில தோத்தா நேரா இங்கதான் வருவேன்னு எனக்குத் தெரியாதா? வாங்கண்ணா" என்று என்னை வரவேற்றாள். "பொட்டலம் கட்டற உத்தியோகம் உங்களுக்கா? சம்பளம் இன்னா தராரு?"

நான் அசடு வழிந்தேன். காமாட்சி கோயிலில் மற்றப் பொட்டலத்தையும் பிரித்துவிட்டதாக சுந்தரமே ஒப்புக்கொண்டான். அவள் வாயில் கை வைத்தாள்.

"சாமிக்கே ஆடிட்டிங் வச்சிட்டியா நீ?"

"நீ சிரிப்ப. உனக்குப் பயமே கெடையாது."

அவள் சிரிப்பு நின்றது. "யார் சொன்னது? பிள்ளையார்கிட்ட பயந்துக்கினேதான் போனேன். செவப்பு வரணும், செவப்பு வரணும்னுதான் உள்ளுக்குள்ள வேண்டிக்கினு நின்னேன். வெள்ளை வந்துச்சு. சரிப்பா, குடுக்கறேன்னு சொன்னேன். சொன்னப்புறம்தான் பயம் வுட்டுச்சு. அதுக்கு முன்னாடி வுடல."

"உனக்கு ஏதாவது ஆச்சுன்னா சிவா?"

"ஆவாதுன்னு சாமி சொல்லல. குடுன்னுதான் சொல்லிச்சு. மிச்சம் அவரு வேலை. அவரு வேலைய எதுக்கு நீ இழுத்துப் போட்டுக்கினு செய்யற? உடம்பு சரியில்லாத மனுஷன்."

குளத்தில் ஒரு மீன் துள்ளி விழுந்தது. சுந்தரம் இரண்டு படி கீழே இறங்கி உட்கார்ந்தான். அவன் பேசியது என்னிடமா, தண்ணீரிடமா என்று தெரியவில்லை. "மனையை விடறது சுலபம்டா. ஸ்கூட்டரை விடறது சுலபம். வேணாம்னு சொன்னா கையைக் கட்டிக்கினு நின்னுடலாம். இப்ப கையை நீட்டச் சொல்லுது."

"அண்ணன் தங்கச்சிகிட்ட சீர் வாங்கக்கூடாதுன்னு எந்தக் கோயில்ல எழுதியிருக்குது?" என்றாள் சிவகாமி. "தட்டுல வச்சி, வெத்திலை பாக்கோட குடுத்தா வாங்கிப்பியா? வேணும்னா டாக்டர்கிட்ட சொல்றேன்."

சுந்தரம் சிரித்துவிட்டான். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. நடை சாத்த மணியடித்தார்கள். என் கையில் கடைசி ஜோடி ரோஜா இருந்தது. "கட்டட்டுமா?" என்று அவனைக் கேட்டேன்.

"வேணாம்" என்றான். "பதில்தான் வந்துடிச்சே."

எழுந்து, அங்கிருந்தே சந்நிதிப் பக்கம் திரும்பிக் கும்பிட்டான். ஒன்றும் கேட்கவில்லை. பிறகு போனை எடுத்து மருத்துவமனையை அழைத்தான். "சார், காஞ்சிபுரம் சுந்தரம். செவ்வாய்க்கிழமை வர்றேன்."

"வர்றோம்னு சொல்லு" என்றாள் தங்கை.

"வர்றோம்."

சிவகாமி என் கையிலிருந்து இரண்டு ரோஜாவையும் வாங்கிக்கொண்டாள். வெள்ளையையும் சிவப்பையும் சேர்த்துக் கொண்டையில் செருகினாள். "ரெண்டும் நல்லாத்தான் இருக்குது" என்றாள்.

12.30. ஆட்டோ பிள்ளையார்பாளையத்துக்குத் திரும்பியது. புடவை ஞாபகம் எனக்கு அப்போதுதான் வந்தது. அதை நெய்வது சிவகாமிதானாம். தன் வீட்டுக்குள் அழைத்துப் போய்த் தறியைக் காட்டினாள். மாம்பழ மஞ்சள், அரக்குக் கரை. பாதி நெய்து அப்படியே நின்றது.

"டாக்டர் மூணு மாசம் தறியில உக்காரக் கூடாதுன்னு சொல்லிட்டாரு. உங்க வீட்டு அண்ணிக்கு அதுக்கப்புறம்தான் கெடைக்கும்."

"வேற யாராவது முடிக்கலாமே?" என்றேன், கல்யாண நாளை மனதில் வைத்து.

"யாரையும் தொட வுடமாட்டேன்ணா. என் கையால அடிச்ச பாதிக்கும் இன்னொருத்தர் அடிக்கற பாதிக்கும் அழுத்தம் மாறும். நான் வந்து முடிக்கறேன்." ஊருக்குப் போய்விட்டுத் திங்கட்கிழமை வேலைக்கு வருகிறவள் போலத்தான் சொன்னாள். பட்டின்மேல் தூசு விழாமல் ஒரு பழைய வேட்டியைப் போர்த்தி, விளிம்புகளைச் செருகினாள்.

1.15. பேருந்து நிலையம். எழுநூறு கொடுத்தேன். தேவதாஸ் ஐம்பதைத் திருப்பிக் கொடுத்தார், பெருமாள் கோயிலில் பூ கட்டாததற்கு என்றார். செவ்வாய்க்கிழமை தங்கள் சபையிலும் சொல்லி ஜெபிப்பதாகச் சொன்னார். நெற்றியைத் துடைத்தேன். அவர் காலையில் சொன்னபடியே கை நிறைய விபூதி வந்தது.

மனைவி போன் செய்தாள். "புடவை எடுத்தாச்சா?"

"பாதி" என்றேன். முழுவதையும் சொன்னேன். "அவங்களே வந்து முடிக்கட்டும்" என்றாள். மூன்று மாதம் காத்திருக்க, பூ கூடக் கேட்காமல், ஒரு நொடியில் ஒப்புக்கொண்டுவிட்டாள். அந்த வீட்டில்தான் நானும் இருபத்தைந்து வருடமாகக் குடியிருக்கிறேன். ஒன்றும் ஒட்டவில்லை.

பேருந்து புறப்பட இன்னும் பத்து நிமிடம் இருந்தது. காலையில் குடித்த அதே டீக்கடை. கடைக்காரர் என்னை அடையாளம் கண்டுகொண்டு சர்க்கரை டப்பாவைத் திறந்தார். பையிலிருந்த இரண்டு காகிதங்களையும் நினைத்தேன். மூன்றாவது கூடத்தையும் நினைத்தேன்.

"சர்க்கரை வேணாம்பா" என்றேன்.

"காலைல நெறைய கேட்டீங்களே சார்?"

"அது காலைல."

டீ கசந்தது. கடைசிச் சொட்டுவரை குடித்துவிட்டுப் பேருந்தில் ஏறினேன்.