பிரதம விருந்தினருக்கு விழுந்த கெட்டிமேளம்

கம்பியில்லா அலைகள் ஒன்றையொன்று எப்படிக் குழப்புகின்றன, வழியில் எப்படி மங்குகின்றன என்பதற்குச் சமன்பாடு எழுதுவதுதான் என் ஆராய்ச்சி. வீட்டில் அதைப் 'போன் படிப்பு' என்பார்கள்.

பெரியப்பாவின் மகளுக்குத் தெல்லிப்பழையில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். மதிலுக்கு அந்தப் பக்கம் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா. இரண்டுக்கும் ஒலிபெருக்கியும் கம்பியில்லா மைக்கும் கொடுத்தவர் ஒருவரே. ஐயர் மந்திரம் தொடங்கிச் சற்று நேரத்தில் எங்கள் ஒலிபெருக்கி, விழா மேடைப் பேச்சாளரின் குரலில், "இந்தப் பகுதி வீதிகளை எல்லாம் நானே..." என்றது.

பெரியப்பா என்னிடம் ஓடி வந்தார். "தம்பி, நீ உந்தப் போன் படிப்புத்தானே படிக்கிறாய்? உடனை நிப்பாட்டு."

"ரண்டு மைக்கும் ஒரே அலைவரிசை, பெரியப்பா. எது பலமோ அதைத்தான் பெட்டி பிடிக்கும். குறுக்கை ஆக்கள் நடந்தால் எங்கடை அலை மங்கும், அவையின்ரை ஏறும்."

"அப்ப ஆக்களை நடக்க வேண்டாமெண்டு சொல்லு."

ஒலிபெருக்கிக்காரருக்குப் போன் எடுத்தேன். "ரண்டும் என்ரை சாமான்தானே, சண்டை பிடிக்காது" என்று வைத்துவிட்டார். எங்கள் மைக்கிலும் பெட்டியிலும் ஒரு பொத்தானை அழுத்தி அலைவரிசையை மாற்றினால் போதும். பெரியப்பா சம்மதிக்கவில்லை. "அவை மாத்தட்டும். மாப்பிள்ளை பகுதி என்ன நினைக்கும்?"

மதில் சுற்றிப் போய் விழாச் செயலாளரிடம் கேட்டேன். "நாங்கள் காலமையே தொடங்கீட்டம். மாத்துறதெண்டால் நீங்கள் மாத்துங்கோ" என்றார். சுவர், மரம், மழை எல்லாவற்றையும் சமன்பாட்டில் சேர்த்திருந்தேன். மானத்தைச் சேர்க்கவில்லை.

அப்போது மேடையில் பிரதம விருந்தினர், "நான் இந்த ஊருக்குச் செய்தது..." என்றபடி, பதாகையிலிருந்த தன் படத்தைக் காட்டத் திரும்பினார். அவருடைய பெரிய உடம்பு மைக்குக்கும் அவர்களின் பெட்டிக்கும் குறுக்கே வந்தது. அவர் குரல் அடங்க, "கெட்டிமேளம்! கெட்டிமேளம்!" என்று ஐயரின் குரலும், பின்னாலேயே தவிலும் நாதஸ்வரமும் அங்கே முழங்கின.

சபை ஒரு கணம் திகைத்தது. பேச்சு எப்போது முடியும் என்று காத்திருந்தவர்கள் இதுதான் தருணம் என்று எழும்பிக் கைதட்டினார்கள். பிரதம விருந்தினர் கண்கலங்கிக் கும்பிட்டு, மைக்கை நிறுத்திவிட்டு அமர்ந்தார்.

"நல்ல ஒழுங்கு. இப்பிடி ஒரு மரியாதை எனக்கு ஒருத்தரும் செய்யேல்லை" என்றார்.

"எல்லாம் உங்களுக்காகத்தான் ஐயா" என்றார் செயலாளர், கண்ணிமைக்காமல்.

நான் திரும்பி வந்தபோது தாலி கட்டி முடிந்து, அறுகம்புல்லும் அரிசியும் தூவி வாழ்த்தும் அறுகரிசி போட ஆட்கள் வரிசையில் நின்றார்கள். ஐயரின் குரல் கணீரென்று கேட்டது. பெரியப்பா என் முதுகில் தட்டினார். "நீதானே சரிப்பண்ணினது?"

"ஓம் பெரியப்பா" என்றேன்.

அதன்பின் சொந்தத்தில் எந்தக் கல்யாணம் என்றாலும் எனக்கு ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில்தான் கதிரை போடுகிறார்கள்.