சேகரின் செருப்பு

மரக்காணம் தாண்டி ரோட்டோரம் பைக்கை நிறுத்துகிறோம். உப்பளத்துக்குள்ளிருந்து பெண்குரலில் ஒரு பாட்டு வருகிறது. கேட்டதுமே நண்பன் சேகர் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்கிறான். நாட்டுப்புறப் பாட்டு காதில் விழுந்தால் பஸ் ஸ்டாண்டாக இருந்தாலும், பாட்டுக்கு மரியாதையாக, அவனுக்கு வெறுங்கால்தான். வரப்பில் அவன் பின்னால் நடந்துகொண்டே, “ஆரம்பிச்சிட்டான்யா!” என்று வாய்விட்டுச் சிரிக்கிறேன்.

பாட்டு நின்றுவிடுகிறது.

உப்பு வாரிக்கொண்டிருந்த அக்கா, நீளக் கம்பு வைத்த பலகையை ஊன்றி நிமிர்கிறார். “யாரைப் பாத்து சிரிக்கிற? பாட்டைப் புடிச்சி போன்ல போட்டு கிண்டல் பண்ணவா? போன மாசமும் ரெண்டு பேர் இப்படித்தான் சிரிச்சிக்கினே வந்தாங்க.”

“ஐயோ, உங்கள இல்லீங்க அக்கா. பாட்டு கேட்டா இவன் செருப்பு போட மாட்டான். அந்தக் கிறுக்கப் பாத்துத்தான் சிரிச்சேன்.”

அவர் சேகரின் காலைப் பார்க்கிறார். அப்புறம் என் காலை.

“அளத்துல இறங்குனா எல்லாருந்தான் கழட்டணும். இது திங்கிற உப்பு. அவன் கிறுக்குன்னா, செருப்போட வந்து நிக்கிறியே, நீ யாருப்பா?”

சேகர் இப்போது சிரிக்கிறான். நான் அவசரமாகக் கழற்றுகிறேன். சேறு ஜில்லென்று இருக்கிறது.

அக்கா மறுபடி பலகையை எடுக்கிறார், பாட்டை எடுக்கவில்லை. அவர் கண் என் சட்டைப்பையில் இருக்கும் போனிலேயே நிற்கிறது. அதையும் எடுத்து, கழற்றிய செருப்பின் மேல் கவிழ்த்து வைக்கிறேன்.

“இன்னும் கொஞ்சம் தள்ளி வை” என்கிறார்.

வைத்துவிட்டு வருகிறேன். பாட்டு, விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறது.